சான்றிதழ் பெற்ற பழைய கார்

புனே நகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கார் இல்லாத வீடு இந்நாளில் குறைந்துகொண்டே வருகிறது. சங்கத்தின் பொங்கல் விழாவன்று வாயிலில் நிற்கும் வண்டிகளைக் கண்டாலே இது விளங்கும். அவ்வண்டிகளுள் பல, முன்னொருவர் கையில் ஓடிப் பின்னர் நம்மவர் கைக்கு வந்தவை. மாதச் சம்பளத்தில் வாழ்வோர்க்கு அதுவே இயல்பு. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆயின், வாங்கிய வண்டி பழுதுற்றபோது நம்மவர் நடந்துகொள்ளும் முறைதான் சிந்திக்கத்தக்கது. ‘அயலூரில் பிழைக்க வந்தோம், நமக்கு ஏன் வம்பு?’ என்று கைப்பொருளைச் செலவிட்டு வாய்மூடி இருந்துவிடுவோர் ஒரு சாரார். விற்ற இடத்திற்குச் சென்று உரத்துப் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அவ்வழியே நடந்து பார்த்தவர்கள் என்னும் முறையில் சில செய்திகளை இங்கு எழுதுகிறோம்.

முதற்கண், ‘சான்றிதழ் பெற்ற கார்’ என்பது யாது என்று தெளிதல் வேண்டும். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டில் மாருதி நிறுவனம் ‘ட்ரூ வேல்யூ’ என்னும் பெயரில் பழைய கார் வணிகத்தில் இறங்கியது. பின்னர் ஹூண்டாய், டொயோட்டா முதலிய நிறுவனங்களும் தத்தம் பெயரில் அவ்வணிகத்தைத் தொடங்கின. கார் செய்யாது, விற்பனை மட்டுமே செய்யும் நிறுவனங்களும் பிற்காலத்தில் தோன்றின. இவை யாவும் வண்டியைப் பட்டியலிட்டுச் சோதித்து, இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீட்டர் வரை இன்னின்ன உறுப்புகளுக்குப் பொறுப்பேற்போம் என்று எழுதித் தருகின்றன. அச்சான்றிதழ் அரசு அலுவலகம் வழங்குவதன்று, விற்பவரே வழங்குவது. ஆகவே அது வண்டியின் பழைய வரலாற்றுக்குச் சாட்சி அன்று; வரும் சில மாதங்களுக்கு விற்பவர் கொடுக்கும் வாக்குறுதி. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் யாவும் எளிதில் விளங்கும்.

விற்பவர் ஏன் அத்தகைய வாக்குறுதி தருகிறார்? இவ்வினாவிற்கு அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் விடையுண்டு. பழுது மறைந்திருக்கும் காரை அந்நாட்டு மக்கள் ‘எலுமிச்சை’ என்று ஏளனமாகக் கூறுவர். பழைய காரின் உள்நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதற்கும் தீயதற்கும் இடைப்பட்ட விலையே தரத் துணிவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க மனமின்றி நல்ல வண்டிக்காரர் விலகிக்கொள்வார். சந்தையில் எலுமிச்சைகளே எஞ்சும். இதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாக அவர் உத்தரவாதத்தைக் குறிப்பிட்டார். அவர் 2001-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நாம் சொல்ல வருவது இதுவே: சான்றிதழுள்ள காருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை, அந்த உத்தரவாதத்தின் விலையாகும். விலை கொடுத்து வாங்கிய ஒன்றைக் கேட்டுப் பெறுதல் வம்பும் அன்று, இரவலும் அன்று.

நாம் இருப்புப்பாதைத் துறையில் எழுத்தர் பணி செய்கிறோம். படிப்பு பத்தாம் வகுப்பளவே. எனினும் சான்றிதழ் என்பதன் பொருளை எமக்குக் கற்பித்தது அத்துறையே. சரக்கு வண்டி புறப்படுமுன் அதன் பிரேக்குகளைச் சோதித்துச் சான்றிதழ் ஒன்று எழுதுவர். சோதித்தவர் அதில் கையொப்பமிடுவார். ஓட்டுநரும் கார்டும் பார்த்து ஒப்பமிடுவர். சிலவகை வண்டித் தொடர்களுக்கு அச்சான்று எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை செல்லும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பின்னால் ஏதேனும் நேர்ந்தால், ‘யார் பார்த்தது, எப்போது பார்த்தது’ என்னும் வினாவிற்கு அத்தாளே விடை சொல்லும். பெயரும் நாளும் இல்லாத சான்று எங்கள் துறையில் சான்றாகாது. கார் விற்பனை நிலையத்திலும் இதே அளவுகோலை நாம் கையாளலாம்.

நிற்க. நமக்குக் கார் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். ஊருக்குப் போக ரயில் பாஸ் இருக்கிறது. கோர்ப்படியிலிருந்து அலுவலகம் செல்ல மிதிவண்டியே போதும். ஆயின் நம் அன்னையாருக்குச் சிறுநீரகம் பழுதுற்று, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்யவேண்டிய நிலை 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்டது. விடியற்காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருத்தல் வேண்டும். அந்நேரத்தில், அதுவும் மழைக்காலத்தில், ஆட்டோ கிடைப்பது அருமை. சிகிச்சை முடிந்து வெளிவரும்போது அன்னையார் நிற்கவும் வலுவின்றி இருப்பார். ஆகவே ஐந்தாண்டுச் சேமிப்பைத் திரட்டி, 2023 ஜூலை மாதத்தில், ஏழாண்டு பழமையான சிறிய பெட்ரோல் கார் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். விற்பனை நிலையத்தின் பெயர் இங்கு வேண்டுவதன்று. வாங்குமுன் சோதனைப் பட்டியலின் படியைக் கேட்டுப் பெற்றோம். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் 6 மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் என்று எழுத்தில் இருந்தது. குளிர்விக்கும் பகுதிக்கு நேரே ‘நன்று’ என்னும் குறியும் இருந்தது.

இருபத்தைந்தாம் நாள், அன்னையாரை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், ஸ்வார்கேட் நெரிசலில் வெப்பம் மிகுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தோம். வெயிலில் ஆட்டோ தேடி அன்னையாரை வீடு சேர்க்க ஒரு மணி நேரம் சென்றது. விற்பனை நிலையத்தின் பணிமனையில் கூலன்டை நிரப்பி, ‘கசிவு காணப்படவில்லை’ என்று ஜாப் கார்டில் எழுதித் தந்தனர். பத்து நாளில் கூலன்ட் மீண்டும் குறைந்தது. மறுபடியும் நிரப்பினர். மூன்றாம் முறை சென்றபோது, ‘ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, 32,000 ரூபாய் ஆகும், குளிர்விக்கும் பகுதியும் வெப்பத்தால் விளையும் சேதமும் உத்தரவாதத்தில் சேரா’ என்றனர்.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. அன்னையார் மட்டும் படுக்கையிலிருந்தபடியே, “தம்பி, வண்டி நின்றால் நாலு பேர் தள்ளுவார்கள். கொடுத்த வாக்கு நின்றால் எழுதிக் கேட்டுத்தான் தள்ளவேண்டும். சண்டை போடாதே, விட்டும் விடாதே” என்றார். அச்சொல்லே எமக்கு வழிகாட்டியாயிற்று.

நம் குடியிருப்பில் கட்கித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இயந்திரங்களோடு முப்பதாண்டு பழகியவர். அவர் வந்து பார்த்தார். என்ஜின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் இடைவிடாது குமிழி எழுவதைக் காட்டினார். என்ஜின் எண்ணெய் மூடியின் அடியில் பால்போல் வெளுத்த படிவு இருந்ததையும் காட்டினார். பின்னர் வேறொரு பணிமனைக்கு அழைத்துச் சென்று, எரிவாயு கூலன்டில் கலக்கிறதா என்று அறியும் சோதனையைச் செய்வித்தார். நீல நிறத் திரவம் ஒன்றைத் தொட்டியின் வாயில் வைத்துக் காற்றை இழுப்பர். என்ஜினின் புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். நம் வண்டியில் அது மாறியது. என்ஜினுக்குள்ளேயே கேஸ்கெட் பழுது என்று அப்பணிமனையார் நாளும் ஒப்பமும் இட்டு எழுதித் தந்தனர். இதற்கான செலவு சில நூறு ரூபாயே. ஆயின் அத்தாளின் மதிப்புப் பெரிது. வெளியில் கசிவு இல்லை என்று விற்றவரின் முதல் ஜாப் கார்டே கூறுகிறது. அவ்வாறாயின் நீர் சென்ற இடம் என்ஜினின் உட்புறமே. என்ஜினோ உத்தரவாதத்திற்குள் அடங்கியது. அன்றியும், எரியும் விளக்கைக் கண்டதும் நிறுத்தியமையால் ஓட்டியவர் மேல் குற்றம் சாட்டவும் இடமில்லை.

இதற்கிடையே மற்றொரு சிக்கலும் தோன்றியது. நாற்பத்தைந்து நாளில் ஆர்.சி.யில் பெயர் மாறும் என்றனர். எழுபது நாளாகியும் அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் பழைய உடைமையாளர் பெயரே இருந்தது. இதனைப் பலர் சிறு செய்தி என்று கருதுவர். அது சிறிதன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. 29, 30 என்னும் எண்ணுள்ள படிவங்கள் அதற்குரியவை. வாங்கியவர் 14 நாளில் காப்பீட்டு நிறுவனத்திற்கும் விண்ணப்பித்தல் வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாளர் என்று உச்சநீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே இத்தாமதம் நமக்கு மட்டுமன்றி, வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக உறங்கும் முன்னாள் உடைமையாளருக்கும் தீங்கு. இடைநிலை வணிகரையும் பொறுப்பிற்குள் கொணர்தற்கு, 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள் உள்ளன. பழைய வண்டி வாங்கி விற்கும் வணிகர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெறுதல் வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததும் 29சி என்னும் படிவத்தால் அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவித்த பின் அவரே உடைமையாளராகக் கருதப்படுவார்.

இவற்றை அறிந்தபின் கடிதம் எழுத அமர்ந்தோம். ஒரே பக்கம். கோபச் சொல் ஒன்றும் இல்லை. வாங்கிய நாள், விளக்கு எரிந்த நாள், பணிமனை சென்ற மூன்று நாள்கள், ஜாப் கார்டு எண்கள், சோதனை முடிவு ஆகியவற்றை வரிசைப்படுத்தினோம். இறுதியில் மூன்று வேண்டுகோள்கள்: என்ஜினைச் செலவின்றிச் செப்பனிடுக, ஆர்.சி.யை மாற்றித் தருக. இடைக்காலத்தில் மருத்துவமனைக்கு ஆட்டோவில் சென்ற 9,600 ரூபாயைத் தருக. பதினைந்து நாள் தவணை. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் மராத்திய நண்பர் அதனை அழகிய மராத்தியில் எழுதித் தந்தார். ஆங்கிலப் படியையும் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். (2025 செப்டம்பர் முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது, இனி எழுதுவோர் விரைவு அஞ்சலில் அனுப்பி அதன் சீட்டைக் காத்து வைப்பாராக.) தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-இலும் முறையீட்டைப் பதிவு செய்தோம்.

பன்னிரண்டாம் நாள் அழைப்பு வந்தது. மேலாளர் தேநீர் தந்து, ‘பாதிச் செலவை நாங்கள் ஏற்கிறோம்’ என்றார். உடன் வந்திருந்த நம் மனைவியார் மெல்ல, “பாதி பழுது பார்த்த என்ஜினில் அத்தையைப் பாதி வழி வரைதான் அழைத்துப் போகமுடியும், ஐயா” என்றார். அவர் சொன்னதை இந்தியில் நாம் பெயர்த்துக் கூறியபோது மேலாளரும் சிரித்துவிட்டார். மீண்டும் கடிதப்படியைப் பார்த்தார். சோதனைப் பட்டியலைப் பார்த்தார். என்ஜின் முழுதும் அவர்கள் செலவிலேயே செப்பனிடப்பட்டது. டிசம்பர் மாதத்தில் ஆர்.சி. நம் பெயருக்கு வந்தது. ஆட்டோச் செலவு மட்டும் கிடைக்கவில்லை. அதற்காக வழக்காடலாமா என்று எண்ணினோம். அன்னையாரின் உடல்நிலையை எண்ணி அமைந்தோம். மூன்றில் இரண்டு கிடைத்தன. அவ்வண்டி அதன்பின் வழியில் நின்றதில்லை. இன்றும் வாரம் மூன்று நாள் விடியலில் அன்னையாரைச் சுமந்து செல்கிறது.

இணக்கம் ஏற்படாதிருப்பின் என் செய்வது? அதற்கும் வாயில் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருள் என்பதற்காக வாங்கியவரைக் கைவிடுவதில்லை. தாம் குடியிருக்கும் ஊரிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டாண்டிற்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணம் இல்லை. பழுது உண்டா என்று ஆய்வகத்திற்கு அனுப்பச் செய்யவும் ஆணையத்திற்கு அதிகாரமுண்டு. 2025 சனவரி முதல் நாள் தொடங்கிய ‘இ-ஜாக்ருதி’ தளத்தின் வழியே வீட்டிலிருந்தபடியும் தாக்கல் செய்யலாம். ஆயினும் காலம் செல்லும் என்பதை உணர்ந்தே அவ்வாயிலைத் தட்டுதல் வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் உள்ள சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்திற்குள் தோன்றும் பழுது, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். அன்று என்று காட்டுவது விற்றவர் கடன். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் சட்டம் முப்பது நாளுக்குள் பழுதான பொருளைத் திருப்பித் தர இடமளிக்கிறது. நம் நாட்டில் காருக்கென்று அத்தகைய தனிச் சட்டம் இல்லை. ஆகவே பழுது முன்பே இருந்தது என்று காட்டும் தாள்களை நாமே சேர்த்து வைத்தல் இன்றியமையாதது.

சான்றிதழ் சொல்லாத பழங்கதை ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். 2019 செப்டம்பர் 25 இரவில் ஆம்பில் ஓடை பெருகியபோதும், 2024 ஜூலை 25-இல் சிங்ககட் சாலை ஏக்தா நகரியில் வெள்ளம் புகுந்தபோதும், இந்நகரில் கார்கள் நீரில் மூழ்கின. சென்னையில் 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் நேர்ந்ததை நம்மவர் அறிவர். நீரில் மூழ்கிய வண்டி சில மாதம் நன்றாகவே ஓடக்கூடும். பின்னரே மின்கம்பிகளில் கோளாறு காட்டும். வாங்கிய முதல் வாரத்திலேயே விரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் உள்ளதா, இருக்கையின் தண்டவாளத்தில் துரு உள்ளதா என்று பாருங்கள். வண்டியைச் செய்த நிறுவனத்தின் பணிமனையில் அதன் பழைய பராமரிப்புப் பதிவையும் கேளுங்கள். அப்பதிவிலுள்ள கிலோமீட்டர் எண், இன்று மீட்டர் காட்டுவதைவிட மிகுதியாயின், மீட்டர் பின்னோக்கித் திருப்பப்பட்டது என்று அறிக. ஊரில் கார் வாங்கி இங்குக் கொணர்வோர் மற்றொன்றையும் மறத்தல் கூடாது: பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வண்டி இங்கு நிற்பின், தடையின்மைச் சான்று பெற்று மகாராட்டிரப் பதிவெண் வாங்குதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. ‘அயலூரில் நமக்கு ஏன் வம்பு?’ என்னும் அச்சம் இந்நகருக்குப் பொருந்தாது. நுகர்வோர் உரிமைக்கென அகில பாரதிய கிராஹக் பஞ்சாயத்து என்னும் இயக்கத்தைப் பிந்து மாதவ் ஜோஷி அவர்கள் 1974-ஆம் ஆண்டில் தொடங்கியது இப்புனே நகரில்தான். நம் நாட்டின் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வருவதற்குப் பன்னிரண்டாண்டுகளுக்கு முன்பே இவ்வூர் மக்கள் ‘வாங்குபவனுக்கும் குரலுண்டு’ என்று எழுந்து நின்றனர். அவ்வூரில் வாழும் நாம் பணிவோடு எழுதிக் கேட்பது, இவ்வூரின் நன்மரபைப் பின்பற்றுவதேயாகும். நம் கடிதத்தை மராத்தியில் எழுதித் தந்தவர் ஒரு மராத்தியர் என்பதையும் நினைவிற் கொள்க.

கார் வாங்கும் அன்பர்கள் உறையொன்று வைத்து, சோதனைப் பட்டியல், உத்தரவாதத் தாள், பணம் செலுத்திய ரசீது, 29, 30 படிவங்களின் படி, காப்பீட்டுத் தாள், ஒவ்வொரு ஜாப் கார்டு ஆகியவற்றை அதனுள் இடுவாராக. வாய்மொழியாகச் சொன்னதை அன்றே ஒரு வரியில் எழுதி விற்றவருக்கு அனுப்பி வைப்பாராக. கடிதம் எழுத உதவி வேண்டுவோர் ஞாயிறு மாலையில் சங்கத்திற்கு வரலாம். எழுத்தர் வேலை நமக்குப் பழகிய வேலை.